பாட்டிலைத் திறக்குமுன் வருஷத்தைக் கேள்

தம்பி, ஜெர்மன் சிப்பாய் மாடலைக் கையில் எடுத்த எவரும் முதலில் கேட்பது, “எந்த பெயிண்ட் வாங்கணும்?” அதைக் கடைசிக் கேள்வியாக வைத்துக்கொள். முதலில் தெரிய வேண்டியவை வேறு. இவன் எந்த வருஷத்துச் சிப்பாய்? எங்கே நிற்கிறான், பிரான்ஸிலா, ரஷ்யாவிலா, லிபியாவிலா? உடம்பில் போட்டிருப்பது கம்பளியா, பருத்தியா? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் பாட்டில் எண் தானாக வந்து நிற்கும். பதில் இல்லாமல் கடைக்குப் போனால், லேபிளில் ‘ஜெர்மன் யூனிஃபார்ம்’ என்று போட்டிருப்பதை வாங்கி வந்து 1939 சிப்பாய்க்கும் 1945 சிப்பாய்க்கும் ஒரே சட்டையை மாட்டிவிடுவாய்.

பெயர் ஒன்று, நிறம் பல

‘ஃபெல்ட்கிராவ்’ என்ற பச்சை கலந்த சாம்பலை ஜெர்மன் ராணுவம் போர்க்களச் சீருடைக்கு எடுத்துக்கொண்டது 1910-ல். அதுவரை பிரஷ்யக் காலாட்படை கருநீலத்தில்தான் நடந்தது. 1910 முதல் 1945 வரை பெயர் மாறவே இல்லை. ஆனால் துணி மாறியது, சாயம் மாறியது, நெய்த ஆலைகள் மாறின. அதனால் “சரியான ஃபெல்ட்கிராவ் எது?” என்று சண்டை போடுகிறவர்களில் பெரும்பாலோர் அவரவர் பார்த்த ஒரு சட்டையை வைத்துத்தான் பேசுகிறார்கள்.

அந்தக் கம்பளியைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் அது ஒரே நிறமாகவே இருக்காது. பச்சை, சாம்பல், வெளிர் என்று வேறு வேறு நிறத்து இழைகளை நூற்பதற்கு முன்பே கலந்து நெய்த துணி அது. தள்ளி நின்றால் எல்லாம் சேர்ந்து ஒரு மந்தமான பச்சைச் சாம்பலாகத் தெரியும். கலவை விகிதம் சற்று மாறினால் ஒரு கட்டுத் துணி பச்சை தூக்கலாகவும் அடுத்த கட்டு சாம்பல் தூக்கலாகவும் வந்துவிடும். போர் நீள நீள நல்ல கம்பளி குறைந்தது. ரேயானையும் பழைய கம்பளியைக் கிழித்து மறுபடி நூற்ற இழையையும் சேர்த்தார்கள். நிறம் பச்சையிலிருந்து சாம்பலுக்கும், கடைசியில் பழுப்புக்கும் நகர்ந்தது. ஆறு மாதம் துவைத்த பள்ளிச் சீருடையும் நேற்று கடையில் எடுத்ததும் ஒரே நிறமாக இருக்குமா? அதே கதைதான் இதுவும். வெயில், மழை, பதுங்குகுழி மண் மூன்றும் கூடுதல்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ‘ரால்’ எண்ணைக் கொடுத்து “இதுதான் அதிகாரபூர்வ நிறம்” என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். ரால் வண்ணப் பட்டியல் 1927-ல் 40 நிறங்களோடு தொடங்கியது. அது பெயிண்ட்டுக்கான தரம். டாங்கிக்கு, லாரிக்கு, பீரங்கிக்கு அதைத் தேடு. 1943 பிப்ரவரிக்குப் பிறகு வந்த டாங்கியின் கரும் மஞ்சளுக்கு ரால் 7028 என்று சொன்னால் அதில் அர்த்தம் உண்டு. சாயம் போட்ட கம்பளிச் சட்டைக்கு ரால் எண் தேடுவது வீண் வேலை.

பொம்மையே வருஷத்தைச் சொல்லும்

பெட்டி மேல் படத்தை நம்பாதே, வார்ப்பைப் பார். நல்ல டார்ச்சும் பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டு சட்டையின் முன்பக்கப் பட்டன்களை எண்ணு. ஐந்து என்றால் எம்36 அல்லது எம்40 சட்டை, அதாவது 1936 அல்லது 1940 மாடல். ஆறு என்றால் 1941 மாடலோ அதற்குப் பிந்தியதோ. அடுத்து பாக்கெட். நடுவில் மடிப்பு இருந்தால் 1941 மாடல் வரை. மடிப்பு போய், மூடி மட்டும் வளைவாக இருந்தால் எம்42. மூடியும் நேராக வெட்டினமாதிரி இருந்தால் எம்43. சட்டை இடுப்போடு நின்று, இரண்டே பாக்கெட் இருந்தால் எம்44.

இதைத் தெரிந்துகொண்டால் பாதி வண்ணம் முடிவாகிவிடும். எம்36 சட்டையின் காலர் கரும்பச்சை, பழைய கண்ணாடி பாட்டில் நிறம். தோள்பட்டையும் அதே. கால்சட்டை ஃபெல்ட்கிராவ் கிடையாது. பச்சையே இல்லாத ‘கல் சாம்பல்’. ஆக 1939-ல் போலந்துக்குள் நுழைந்த சிப்பாயிடம் மேலே பச்சைச் சாம்பல், கீழே வெறும் சாம்பல், கழுத்தில் கரும்பச்சை என்று மூன்று நிறம் தெரிய வேண்டும். 1940-ல் உத்தரவு மாறியது: காலரும் சட்டைத் துணியிலேயே, கால்சட்டையும் ஃபெல்ட்கிராவில். அதற்குப் பிறகு மேலும் கீழும் ஏறக்குறைய ஒன்று.

உத்தரவு வந்த மறுநாளே எல்லோரும் புதுச் சட்டைக்கு மாறிவிடவில்லை. கிடங்கில் இருந்த பழைய சட்டைகள் தீரும்வரை கொடுக்கப்பட்டன. பழைய சிப்பாய்களுக்குக் கரும்பச்சைக் காலர் மேல் ஒரு பிரியமும் உண்டு. அதிகாரிகள் அதைக் கடைசிவரை விடவில்லை. அதனால் 1943 காட்சியில் ஒரு சார்ஜென்ட்டுக்குக் கரும்பச்சைக் காலர் கொடுத்தால் தவறில்லை. 1939 காட்சியில் எம்43 சட்டை நிற்பதுதான் தவறு.

1944-ல் வந்த குட்டைச் சட்டைக்கு ‘ஃபெல்ட்கிராவ் 44’ என்று தனித் துணி. பழுப்பு கலந்த மந்தப் பச்சை. பிரிட்டிஷ் பேட்டில்டிரஸ் அமைப்பைப் பார்த்து வெட்டியது, நிறமும் அந்தப் பக்கம் சாய்ந்தது. இத்தாலி 1943 செப்டம்பரில் சரணடைந்த பிறகு அங்கே கைப்பற்றிய சாம்பல் பச்சைத் துணியிலும் சட்டைகள் தைத்தார்கள். கடைசி இரண்டு வருஷத்துக் குழுவில் நாலு பேர் நாலு நிறத்தில் நிற்பதுதான் இயல்பு.

இப்போது பாட்டில்

வலேஹோ மாடல் கலர் வைத்திருப்பவர்களுக்கு அடிப்படை இரண்டு பாட்டில். 830 ‘ஜெர்மன் ஃபீல்டு கிரே’, 886 ‘கிரீன் கிரே’. போரின் நடுக்காலச் சட்டைக்கு 830-ஐ அடிப்படையாகப் பூசி, 886-ஐ அதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மேடுகளில் ஏற்று. முற்காலச் சட்டைக்கு ஆரம்பத்திலேயே இரண்டு பங்கு 830-க்கு ஒரு பங்கு 886 கலந்து தொடங்கு. வெளிச்சமான, பச்சை தெரிகிற கம்பளி கிடைக்கும். 920 ‘ஜெர்மன் யூனிஃபார்ம்’ என்று இன்னொன்று உண்டு. அதையும் 830-ஐயும் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் துண்டில் பக்கம் பக்கமாகத் தடவிக் காயவிட்டுப் பார். ஒரே குழுவில் இரண்டு பேருக்கு இரண்டு துணி வேண்டுமென்றால் கை கொடுக்கும். எம்44-க்கு 830-ல் 921 ‘இங்கிலிஷ் யூனிஃபார்ம்’ கால் பங்கு சேர்.

டாமியாவில் எக்ஸ்எஃப் 65 ‘ஃபீல்டு கிரே’ நல்ல நடுத்தர நிறம். ஆனால் டாமியா அக்ரிலிக், பிரஷ்ஷால் இரண்டாவது பூச்சு போடும்போது கீழ்ப் பூச்சைக் கரைத்துத் தூக்கிவிடும். ஏர்பிரஷ்ஷில் அடிப்பூச்சுக்கு அது, கையால் செய்யும் நுணுக்கத்துக்கு வலேஹோ என்று பிரித்துக்கொள்வது என் வழக்கம்.

கல் சாம்பல் கால்சட்டைக்கு ஒரு பொறி இருக்கிறது. வலேஹோ 884-க்குப் பெயர் ‘ஸ்டோன் கிரே’. பெயரைப் பார்த்து வாங்கிவிடாதே, அது மணல் சாயல் கொண்ட வெளிர் நிறம். உனக்கு வேண்டியது நடுத்தரச் சாம்பல். 992 ‘நியூட்ரல் கிரே’யில் 830 ஒரு சொட்டு விட்டால் போதும். சட்டைக்குப் பக்கத்தில் வைத்தால் கால்சட்டை பச்சையில்லாமல், லேசாக நீலம் தட்டுவதுபோல் தெரியும். அப்படித்தான் தெரிய வேண்டும்.

கரும்பச்சைக் காலருக்குக் கருப்போடு ஒரு நீலப்பச்சையைக் கலந்துகொள். எவ்வளவு கருப்பு என்பதற்கு ஒரே அளவுகோல்: ஒரு கை நீளத்தில் வைத்துப் பார்க்கும்போது காலர் கருப்பாகத் தெரியக் கூடாது, சட்டை நிறமாகவும் தெரியக் கூடாது.

அளவு சிறுக்கச் சிறுக்க நிறத்தை வெளுக்க வேண்டும். 1/16 அளவில் உண்மைத் துணிக்குப் பொருந்தும் நிறம், 1/72 அளவில் ஒரு கரிய புள்ளியாகிவிடும். 1/35-க்குக் கொஞ்சம், 1/72-க்கு நன்றாகவே வெளுக்கக் கொடு. வெளுக்க வெள்ளை பெயிண்ட்டைத் தொடாதே. ஃபெல்ட்கிராவில் வெள்ளை விழுந்தால் சுண்ணாம்பு பூசினமாதிரி நீலமாக வெளிறும். 819 ‘இராக்கி சாண்ட்’ அல்லது 988 ‘காக்கி’ கலந்து ஏற்று. வெளிச்சம் வரும், கம்பளியின் வெதுவெதுப்பும் போகாது. நிழலுக்கும் சுத்தக் கருப்பு வேண்டாம். 822 கரும்பழுப்பை அடிப்படை நிறத்தோடு கலந்து அக்குள், பெல்ட்டுக்கு அடி, பாக்கெட் ஓரம் என்று இறக்கு. 1/16-ம் அதற்கு மேலும் உள்ள பெரிய உருவங்களில் ஒரு வேலை தனியாக உண்டு: பழைய பிரஷ்ஷின் முடியை வெட்டிவிட்டு, கிட்டத்தட்ட உலர்ந்த பெயிண்ட்டில் வெளிர்ச் சாம்பலையும் பச்சையையும் மாறி மாறிக் குத்து. நான் சொன்ன அந்தக் கலப்பு இழை அப்படியே எழும்பும்.

எந்த விளக்கில் பூசுகிறாய் என்பது பாட்டில் எண்ணைவிட முக்கியம். மஞ்சள் பல்பில் கலந்த பச்சைச் சாம்பல், பகலில் ஜன்னலோரம் போனால் வேறு நிறம். 5000 முதல் 6500 கெல்வின் வரை உள்ள எல்இடி ஒன்றை மேசைக்கு என்று வைத்துக்கொள். சோதனைத் துண்டில் மேட் வார்னிஷ்ஷும் அடித்துப் பார்த்த பிறகே நிறத்தை முடிவு செய். மேட் வார்னிஷ் நிறத்தை ஒரு படி வெளுக்கும், கிளாஸ் ஒரு படி கருக்கும். வெயில் காலத்தில் மின்விசிறிக்கு அடியில் தட்டில் வைத்த அக்ரிலிக் நிமிஷத்தில் தோல் கட்டும். டிபன் பாக்ஸில் ஈர டிஷ்யூ விரித்து மேலே பட்டர் பேப்பர் போட்டுக் கலந்தால் மாலைவரை தாங்கும்.

தலையும் தோளும்

ஹெல்மெட் துணி இல்லை, இரும்பின் மேல் பெயிண்ட். அதனால் சட்டையின் நிறத்தை அப்படியே கொடுக்காதே. 1935 மாடல் ஹெல்மெட் ஆரம்பத்தில் வழவழப்பான, கொஞ்சம் பளபளப்புள்ள பச்சை. வலப்பக்கம் கருப்பு-வெள்ளை-சிவப்புக் கேடயம், இடப்பக்கம் கழுகு. 1940-ல் சொரசொரப்பான, மினுக்கமில்லாத கருஞ்சாம்பல் பச்சை வந்தது, மூவர்ணக் கேடயம் போனது. 1943-ல் கழுகும் போனது. பெட்டிக்குள் டீக்கல் கொடுத்திருக்கிறார்கள் என்பதற்காக 1944 நார்மண்டி சிப்பாய்க்கு இரண்டையும் ஒட்டிவிடாதே. 1940-க்குப் பிந்திய ஹெல்மெட் சட்டையைவிட ஒரு படி கருமையாக, ஒரு படி சாம்பலாக நின்றால் கண்ணுக்கு உடனே நம்பிக்கை வரும்.

முதல் உலகப் போர்ச் சிப்பாய் செய்கிறாயானால் 1918 ஜூலை உத்தரவுப்படி பூசிய ஹெல்மெட்டைத் தவறவிடாதே: பச்சை, காவி மஞ்சள், துருப் பழுப்புத் திட்டுகள், நடுவே விரல் அகலத்தில் கருப்புக் கோடு. 1918-க்கு முந்தைய காட்சியில் அது வரக் கூடாது.

தோள்பட்டை ஓரத்து வண்ணக் கோடு படைப்பிரிவைச் சொல்லும். காலாட்படைக்கு வெள்ளை, பீரங்கிக்குச் சிவப்பு, டாங்கிக்கு ரோஜா நிறம், பொறியாளர்களுக்குக் கருப்பு, தகவல் தொடர்புக்கு எலுமிச்சை மஞ்சள், குதிரைப்படைக்குப் பொன் மஞ்சள், மலைப்படைக்கு வெளிர்பச்சை, மருத்துவத்துக்கு நீலம். 1/35-ல் இந்தக் கோட்டை சுத்த நிறத்தில் போட்டால் டியூப்லைட் மாதிரி எரியும். ஒவ்வொன்றிலும் சாம்பல் ஒரு துளி விட்டுக் கொல். படகுத் தொப்பியின் முன்னால் இதே நிறத்தில் தலைகீழ் ‘வி’ ஒன்று இருக்கும். 1942 ஜூலையில் அதை நிறுத்தினார்கள்.

கருப்புச் சீருடையைப் பார்த்தவுடன் நாஜிகளின் எஸ்எஸ் படை என்று முடிவு கட்டுகிறவர்கள் ஏராளம். காலரில் மண்டையோடு இருந்தாலும் சரி, இரட்டை மார்புக் கருப்பு ஜாக்கெட் 1934 முதல் ராணுவ டாங்கிப் படையின் உடை. அதே வெட்டில் தாக்குதல் பீரங்கி வண்டிக்காரர்கள் 1940 முதல் ஃபெல்ட்கிராவில் அணிந்தார்கள். கருப்புத் துணிக்கு 950 கருப்பை நேராகப் பூசாதே. 862 ‘பிளாக் கிரே’யில் தொடங்கி மடிப்புக்குள் மட்டும் கருப்பை விடு.

விமானப்படையினருக்கு நீலச் சாம்பல். வலேஹோ 816 அதற்கென்றே இருக்கிறது. பாராசூட் சிப்பாய் செய்யும்போது கவனம்: 1941 மே 20-ல் கிரீட் தீவில் குதித்தவன் உள்ளே நீலச் சாம்பல் சட்டை, காலரில் மஞ்சள் பட்டை, மேலே பச்சை அல்லது புள்ளி-திட்டு மேலங்கி, கீழே ஃபெல்ட்கிராவ் கால்சட்டை. நீலத்தைக் கால்வரை இழுத்துவிடுவது அடிக்கடி நடக்கிற பிழை.

தோலும் தகரமும்

பெல்ட், தோல்வார், தோட்டாப்பை எல்லாம் கருப்பு. பூட்ஸ் கதை சுவாரஸ்யமானது. தோல் பழுப்பாகவே கொடுக்கப்பட்டது, கருப்பாக்குவது சிப்பாயின் வேலை. அதனால் குதிகால் மேலும் விரல் மடியும் இடத்திலும் உரசல்கள் சாம்பலாக வராமல் பழுப்பாக வர வேண்டும். 984 ‘ஃபிளாட் பிரவுன்’ ஒரு மயிரிழை அங்கே இழுத்துவிடு. கருப்புக்கு அடியில் தோல் இருப்பது தெரியும். அடிப்பகுதி தெரிகிற மாதிரி மண்டியிட்ட உருவமென்றால் ஆணித் தலைகளை இரும்பு நிறத்தில் தொடு.

பெல்ட் பக்கிளையும் சட்டைப் பட்டன்களையும் பளிச்சென்று வெள்ளியாக்குவதை நிறுத்து. போர்க்களச் சட்டையின் பட்டன்கள் ஃபெல்ட்கிராவ் பூசியவை, போர்க்காலப் பக்கிளும் அப்படியே. விளிம்பில் மட்டும் பென்சில் கிராஃபைட் தேய், அது போதும்.

தண்ணீர்க் குடுவையின் உறை அழுத்திய பழுப்புக் கம்பளி. மேலே கவிழ்ந்த கோப்பை முதலில் கருப்பு, பிற்பாடு ஆலிவ் பச்சை. சாப்பாட்டுத் தூக்கும் அப்படியே ஃபெல்ட்கிராவிலிருந்து ஆலிவுக்கு மாறியது. வாயுமுகமூடியின் நெளிநெளியான தகர உருளை பச்சைச் சாம்பல். ஆனால் அது தகரத்தின் மேல் பெயிண்ட், எனவே துணியைவிட ஒரு பொட்டு மினுக்கம் கொடு. ரொட்டிப்பை துணி, அதற்கு மினுக்கமே கூடாது. இத்தனை பொருளையும் ஒரே பச்சையில் முக்கினால் சிப்பாயின் முதுகுப்பக்கம் செத்துவிடும். துணி, கம்பளி, தகரம், தோல் ஒவ்வொன்றுக்கும் நிறத்தில் அரைப் படியும் மினுக்கத்தில் அரைப் படியும் வித்தியாசம் விடு.

துப்பாக்கிக் கட்டை போர்க்காலத்தில் மெல்லிய பலகைகளை அடுக்கி ஒட்டியது. செம்பழுப்பில் மெல்லிய நெடுங்கோடுகள் ஓடும். இரும்புப் பகுதி நீலக்கருப்பு. வெள்ளி வேண்டவே வேண்டாம்.

ஆப்பிரிக்கா: வெயில்தான் சாயக்காரன்

எனக்கு மிகப் பிடித்தது இதுதான், எனவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஜெர்மன் தளபதி ரோமெலின் படை 1941 பிப்ரவரியில் திரிப்போலியில் இறங்கியபோது அவர்கள் உடம்பில் இருந்தது கம்பளி அல்ல, பருத்தி. நிறமும் மணல் கிடையாது. புதுசாக எடுத்தால் ஆலிவ், பச்சையும் பழுப்பும் கலந்தது. சினிமா பார்த்துவிட்டு முதல் நாள் சிப்பாய்க்கே மணல் நிறம் பூசுகிறார்கள். அந்த மணல் நிறம் வெயிலும் உப்புத் தண்ணீர்த் துவைப்பும் பல மாதம் சேர்ந்து செய்த வேலை. வெளுத்த தொப்பி பழைய ஆள் என்பதற்கு அடையாளம்; அதற்காகவே வேண்டுமென்று வெளுக்க வைத்தவர்களும் உண்டு.

இதைப் பூசும் முறை: புதுத் துணிக்கு டாமியா எக்ஸ்எஃப் 49 காக்கியும் எக்ஸ்எஃப் 62 ஆலிவ் டிராபும் சரிபாதி. வெளுத்த துணிக்கு எக்ஸ்எஃப் 49-ல் எக்ஸ்எஃப் 57 பஃப் கலந்து போகப் போகக் கூட்டு. உருவம் முழுவதற்கும் முதலில் புதுத்துணி நிறம். பிறகு வெயில் எங்கே விழும் என்று யோசி. தோள், முதுகின் மேல்பாகம், தொடையின் முன்பக்கம், தொப்பியின் உச்சி. அங்கெல்லாம் வெளுப்பை மெல்லிய படலமாக ஏற்று. தோள்வாருக்கு அடியில், பாக்கெட் மூடிக்கு உள்ளே, சுருட்டிய கைமடிப்பின் உட்பக்கம், காலருக்குக் கீழே பழைய ஆலிவ் அப்படியே இருக்கட்டும். முதுகில் தோள்வார் சற்று விலகியமாதிரி வார்ப்பு இருந்தால், அது முன்பு கிடந்த இடத்தில் ஒரு கரும்பட்டையை விட்டுவை. அந்த ஒரு பட்டையைப் பார்க்கிறவர், இந்த ஆள் இங்கே எத்தனை மாதமாக இருக்கிறான் என்று கணக்குப் போட்டுவிடுவார்.

தோல் வெயிலில் வெடிக்கும் என்பதால் பெல்ட்டும் தோள்வாரும் ஆலிவ் நாடாத் துணியில் வந்தன. பூட்ஸ் பாதி பழுப்புத் தோல், பாதி ஆலிவ் கான்வாஸ். மார்புக் கழுகு வெளிர் நீலச்சாம்பல் நூலில், பழுப்புத் துணி மேல். விமானப்படையினரின் வெப்பமண்டல உடை மட்டும் உண்மையிலேயே பொன் காக்கி. பாலைவனத்தில் நாலு நிறம் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது இதனால்தான். எதிரே நின்ற 4-வது இந்திய டிவிஷனில் மெட்ராஸ் சாப்பர்ஸ் பொறியாளர்களும் இருந்தார்கள். அவர்களையும் அதே பலகையில் நிறுத்த நினைத்தால், அவர்களுடைய காக்கி டிரில் ஜெர்மன் ஆலிவைவிடத் தெளிவாக வெளிர், பச்சை இல்லாத மணல். இரண்டும் ஒரே பாட்டிலில் வரக் கூடாது.

திட்டுத் துணி

1931-ல் கூடாரத் துணிக்கு வந்த ‘ஸ்பிளிட்டர்’ திட்டு வகைதான் ராணுவத்தின் அடிப்படை. சாம்பல் மணல் தரை, கூரான மூலைகளோடு பச்சையும் செம்பழுப்பும், எல்லாவற்றுக்கும் மேலே மழை பெய்தமாதிரி மெல்லிய பச்சைக் கோடுகள். வலேஹோவில் தரைக்கு 821, பழுப்புக்கு 826, பச்சைக்கு 979 என்று தொடங்கி, ஒவ்வொன்றிலும் தரை நிறம் ஒரு சொட்டு கலந்து ஒன்றுக்கொன்று இணங்க வை. வளைவே வரக் கூடாது. எல்லா விளிம்பும் நேர்கோடு. மழைக்கோடுகளை 1/35-ல் மிக மெல்லியதாக இழு, 1/72-ல் விட்டுவிடு.

இதில் முக்கியமானது ஒன்று. திட்டு, துணியில் அச்சிட்டபின் வெட்டித் தைத்தது. அதனால் உடம்பில் இருக்கும் பச்சைத் திட்டு தையலைத் தாண்டிக் கைக்குள் வழிந்து போகாது. தையலில் வெட்டுப்பட்டு நிற்கும். மழைக்கோடும் துணியோடு போகும்: கை மடங்கியிருந்தால் கோடும் சாயும். தையலில் திட்டை வெட்டிப் பார், பொம்மை உடனே சட்டை போட்டுக்கொள்ளும். 1943-ல் வந்த சதுப்பு வகைக்குத் தரை பழுப்பு மணல் பக்கம் சாயும். 1942-43 குளிர்காலத்துக்கான பஞ்சு மேலங்கியின் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் முதலில் எலிச் சாம்பல், பிற்பாடு திட்டு. அந்த வெள்ளை நீண்ட நாள் வெள்ளையாக இருக்கவில்லை. முழங்கையும் முன்பக்கமும் அழுக்கு மஞ்சளாகட்டும்.

வாஃபன் எஸ்எஸ் உடைகளில் திட்டுகள் வட்டமாக, இலை போல. ஒரு பக்கம் பச்சை, திருப்பினால் இலையுதிர்காலப் பழுப்பு. 1944-ன் பட்டாணிப் புள்ளி வகை இருபக்க உடை கிடையாது. இந்த உடையைப் பூச எடுக்கும்போது அது யாருடைய உடை என்பது மனதில் இருக்கட்டும். வதைமுகாம்களை நடத்திய அமைப்பின் ஆயுதப் பிரிவு அது. சாதாரண ராணுவத்தின் கையும் கிழக்கு முனையில் சுத்தமாக இல்லை. நிறத்தைச் சரியாகப் பிடிப்பது அவர்களைக் கொண்டாடுவதற்கல்ல, நடந்ததை நடந்தபடி வைப்பதற்கு. காட்சிக்கு வைக்கும்போது இடம், தேதி எழுதிய ஒரு சீட்டை அடியில் வை; அழகுப் பொருளாக மட்டும் நிற்க விடாதே.

எதைப் பார்த்து நம்புவது

அந்தக் காலத்து வண்ணப் படங்கள் இருக்கின்றன. 1936-லேயே அக்ஃபாகலர் ஸ்லைடு வந்துவிட்டது. ஆனால் அந்த ஸ்லைடுகளின் சாயம் இத்தனை வருஷத்தில் நகர்ந்திருக்கிறது, ஸ்கேன் செய்தவர் தன் கண்ணுக்கு ஏற்பத் திருத்தியிருக்கிறார், உன் போன் திரை இன்னொரு திருத்தம். அருங்காட்சியகத்துச் சட்டையும் சாயம் முதிர்ந்து மங்கிய விளக்கில் நிற்கிறது. எனவே எந்தப் படத்திலிருந்தும் ஒரு தனி நிறத்தை எடுத்து அப்படியே கலக்காதே. இரண்டு நிறங்களுக்கு இடையே உள்ள உறவை எடு. காலர் சட்டையைவிட எவ்வளவு கருமை? கால்சட்டை எந்தப் பக்கம் சாய்கிறது? ஹெல்மெட் எங்கே நிற்கிறது? படம் பச்சையாக மங்கினாலும் சிவப்பாக மங்கினாலும் இந்த உறவு பெரும்பாலும் தப்பும்.

கருப்பு வெள்ளைப் படங்களை ஒதுக்காதே; நிறம் தெரியாவிட்டாலும் கருமை, வெளுமை தெரியும். ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகம் 2008-ல் 80,000-க்கும் மேற்பட்ட படங்களை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதில் உன் சிப்பாயின் வருஷத்தையும் இடத்தையும் போட்டுத் தேடி, ஒரே குழு நிற்கும் படம் ஒன்றை எடு. முனிச்சுக்கு வடக்கே இங்கோல்ஸ்டாட்டில் பவேரிய ராணுவ அருங்காட்சியகமும், டிரெஸ்டனிலும் லண்டனிலும் போர் அருங்காட்சியகங்களும் உண்மைச் சட்டைகளை வைத்திருக்கின்றன. படம் பார்க்கும்போது சட்டை மாடலும் வருஷமும் குறித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

அந்தக் குழுப் படத்தைக் கண்ணில் வைத்து, ஐந்து பேர் செய்கிறாயென்றால் ஒரு பெரிய கலவை போட்டு ஐந்தாகப் பிரி. முதல் ஆளுக்கு அப்படியே. இரண்டாமவனுக்கு அதில் 886 சற்றுக் கூட்டு. மூன்றாமவன் புதிதாக வந்தவன், 920 சேர்த்துக் கருமையாக்கு, முழங்கால் சுத்தமாக இருக்கட்டும். நான்காமவன் பழையவன், காலர் கரும்பச்சை, தோள் வெளுப்பு, சட்டை ஒரு நிறம் கால்சட்டை ஒரு நிறம். ஐந்தாமவனுக்கு 921 ஒரு சொட்டு விட்டுப் பழுப்புக்கு இழு. அடிப்படைக் கலவை ஒன்றே என்பதால் ஒரே படை என்று தெரியும், ஐந்து பேரும் ஐந்து கிடங்கிலிருந்து சட்டை வாங்கியவர்கள் என்றும் தெரியும். விகிதத்தை எழுதி அந்தப் பிளாஸ்டிக் சோதனைத் துண்டின் பின்பக்கமே ஒட்டிவை. ஆறாவது ஆள் சேரும்போது தேவைப்படும்.